ஆளுக்கு இரண்டு டிகிரி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கூட்டியது இல்லை, குறைத்தது இல்லை. பொய் என்று யாராவது நிரூபித்தால், நாளையிலிருந்து என் காப்பியோடு வரும் அந்த ஒற்றைப் பிஸ்கட்டும் வராமல் போகட்டும். லெய்டன் நகரத்தில் இதற்குமேல் பணயம் வைக்க ஒருவனிடம் என்ன இருக்கிறது?

மனித குலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு எது? சக்கரம் என்பார்கள் அவசரக்காரர்கள். நெருப்பு என்பார்கள் குளிரில் நின்றவர்கள். இரண்டும் இல்லை. அது 'கூட்டம்'. சக்கரம் ஒருவனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான். கூட்டமோ எல்லோரையும் இருந்த இடத்திலேயே உட்கார வைத்து, எல்லோரும் எங்கோ போய்ச் சேர்ந்துவிட்டதாக நம்பவும் வைக்கிறது. எரிபொருள் வெறும் காப்பி.

இந்த அரிய கலை லெய்டனில் உச்சம் தொட்டதற்குக் காரணம் உண்டு. நூறு வருடத்துக்கு முன்னால் இதே ஊரில்தான் பாதரசத்தைக் குளிர வைத்துக்கொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில் அதன் மின்தடை சட்டென்று காணாமல் போனது. குறையவில்லை, தேயவில்லை, அடியோடு இல்லை. விஞ்ஞானிகள் அதற்கு மீக்கடத்தல் என்று பெயர் வைத்தார்கள். நிர்வாகிகள் பாடம் எடுத்துக்கொண்டார்கள். ஏனென்றால் அந்த ஊர்ப் பேச்சிலும், நம் பேச்சைப் போலவே, மின்சாரத்தை மறிப்பதற்கும் கூட்டத்தில் கையைத் தூக்கி "எனக்குச் சம்மதமில்லை" என்பதற்கும் ஒரே சொல்தான்: தடை.

நெல்லெக்கே பூன்ஸ்ட்ரா அந்த ஊரின் தாழ்வெப்ப ஆய்வுக் கழகத்தில் காந்தம் சுற்றுகிறவள். வயது நாற்பத்தேழு. உயரம் ஐந்தடி ஓரங்குலம். ஆணும் பெண்ணும் நிலைப்படியில் தலை இடித்துக்கொள்ளும் அந்த நாட்டில் இது ஏறக்குறைய வெளிநாட்டுக் குடியுரிமை. கழகத்தின் கீழ்த்தளக் கூடத்தில் நான்கு வருடமாக, பதினொரு கிலோமீட்டர் நீள மீக்கடத்திக் கம்பியைச் சுற்றுமேல் சுற்றாகச் சுற்றி ஒரு காந்தத்தை உருவாக்கியிருந்தாள். அதற்கு ட்ரூஸ் என்று பெயர். அந்த நாட்டில் ட்ரூஸ் என்பது பிடிவாதக்கார அத்தைகளுக்கு அமையும் பெயர்.

பெயருக்குப் பழுதில்லை. திரவ ஹீலியத்தில் முக்கி, மைனஸ் இருநூற்று அறுபத்தொன்பது டிகிரியில் வைத்திருந்தால் ட்ரூஸைப் போல் சாது கிடையாது. உள்ளே எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகக் கைகோத்து, எதிலும் முட்டாமல், எவரையும் இடிக்காமல் ஊர்வலம் போகும். ஆனால் பதினொரு கிலோமீட்டரில் எங்காவது ஊசிமுனையளவு இடம் கொஞ்சம் சூடாகிவிட்டால் போதும். அங்கே ஜோடிகள் கையை விடும். தடை பிறக்கும். தடை சூட்டைப் பெற்றெடுக்கும். அந்தச் சூடு பக்கத்து வீட்டைக் கெடுக்கும். ஒரே வினாடியில் மொத்த மீக்கடத்தியும் வெறும் கம்பியாகிவிடும். தொழிலில் இதற்கு 'முறிவு' என்று பெயர்.

ட்ரூஸ் அதுவரை பதினான்கு முறை முறிந்திருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. புதுக் காந்தம் அப்படித்தான் பழகும். ஒவ்வொரு முறிவிலும் அதன் சுற்றுகள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொள்ளும், அடுத்த முறை முன்னைவிட அதிக மின்னோட்டத்தைத் தாங்கும். தப்புச் செய்து, சூடுபட்டு, அதிலிருந்து கற்றுக்கொள்ளும் ஒரே உறுப்பினர் அந்தக் கழகத்தில் ட்ரூஸ்தான்.

மார்ச் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை, மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. அவர்கள் கண்முன்னால் ட்ரூஸ் முழுப் பலத்தில் ஒரு மணி நேரம் நின்று காட்ட வேண்டும். நின்றால், கூடம் இன்னும் பத்து வருடத்துக்கு நெல்லெக்கேயினுடையது. நிற்காவிட்டால், கூடத்தைக் காலி செய்து அங்கே 'உரையாடல் அரங்கு' அமைக்கப்படும். ஏற்கெனவே கழகத்தில் பதினேழு கூட்ட அறைகள் இருந்தன. ஆனால் அந்தப் பதினேழையும் யாருக்கு எப்போது ஒதுக்குவது என்று கூடிப் பேச ஓர் அறை இல்லாமல் இயக்குநர் தவித்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் ராய்னியர் ஃபான் தெர் வால்க் ஆறடி எட்டங்குலம். பண்பாளர். கழகத்தில் எவரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், நீ என்று பேசலாம். அவரும் எல்லோரையும் நீ என்றுதான் பேசுவார். வேலையை விட்டு அனுப்பும்போதுகூட அந்தச் சமத்துவத்தைக் கைவிட மாட்டார்.

மார்ச் ஐந்தாம் தேதி கூட்டம். காப்பி வந்தது. பிஸ்கட் டப்பா திறந்தது, ஆளுக்கு ஒன்று என்று சுற்றி வந்தது, மூடிக்கொண்டது. பிறகு பசுமை ஒருங்கிணைப்பாளர் மர்லூஸ் ஹேக் பட்டியலை விரித்தாள். மின்சாரத்தை மிச்சப்படுத்த அவள் கொண்டுவந்த திட்டத்தின் அழகே அதன் எளிமைதான். எந்தச் சாதனமானாலும் இரண்டு டிகிரி விட்டுக்கொடுக்க வேண்டும். சலுகை எவருக்கும் இல்லை.

"கேன்டீன் பால்பெட்டி நாலு டிகிரியில இருந்துச்சு, இப்ப ஆறு. ஆபீஸ் ரூமெல்லாம் இருபத்தொன்னு இருந்துச்சு, இப்ப பத்தொம்பது. எல்லாரும் ஆளுக்கு ரெண்டு குடுத்தாச்சு. பாக்கி ஒரே ஒரு குளிர்பெட்டிதான்," என்றாள் மர்லூஸ். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "கீழ்க் கூடத்துல இருக்கு. மைனஸ் இருநூத்தி அறுபத்தொம்பது. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்படி என்னதான் வெச்சிருக்கீங்க அதுல?"

"ட்ரூஸ்," என்றாள் நெல்லெக்கே.

"கெட்டுப்போற சாமானா?"

"ரெண்டு டிகிரி ஏத்தினா ஒரே செகண்டுல கெட்டுப்போகும்."

"பாலுக்கும் அப்படித்தான் சொன்னாங்க. என்ன ஆச்சு? ஒன்னும் ஆகல."

"ஆச்சு," என்றான் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் யோப். அவன் பேசுவது அபூர்வம். "நான் குடிச்சேன்."

"அது உன்னோட தனிப்பட்ட அனுபவம், யோப். அதை நான் மதிக்கிறேன்," என்றாள் மர்லூஸ்.

நெல்லெக்கே எழுந்து நின்றாள். எழுந்தது பலருக்குத் தெரியவில்லை. "மர்லூஸ், கொஞ்சம் கேளு. உலகத்துல இருக்குறதுலயே கடைசிக் குளிர் மைனஸ் இருநூத்தி எழுபத்திமூணு. அதுக்குக் கீழ எதுவும் கிடையாது. நாங்க அதுலேர்ந்து நாலே நாலு டிகிரி மேல நிக்கிறோம். நீ அதை ஆறாக்கச் சொல்றே. இது அம்பது சதவீதம் ஏத்தம்!"

"அம்பது சதவீதம்னா மிச்சமும் ஜாஸ்திதானே?" என்றாள் மர்லூஸ். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

ராய்னியர் கையை உயர்த்தினார். விளக்கு லேசாக ஆடியது. "ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா நெல், நீயே யோசிச்சுப் பாரு. இருநூத்தி அறுபத்தொம்பதுல ரெண்டு. ஒரு சதவீதம்கூட வரல. பால் எவ்ளோ குடுத்துச்சு! சின்னப் பெட்டி அது. நீ ஒரு சதவீதம்கூட விட்டுக்குடுக்க மாட்டேன்னா, பால் என்ன நினைக்கும்?"

"பால் நினைக்காது, ராய்னியர்."

"பாலோட இடத்துல இருந்து பாக்கணும் நாம."

"முறிஞ்சிடும். எழுதி வேணா தர்றேன். எனக்கு இதுல சம்மதமே இல்ல."

அறை உருகிவிட்டது. ஒருவர் அவள் தோளைத் தொட்டார். இன்னொருவர், மனதில் இருப்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி தெரிவித்தார். அவளுடைய உணர்வுக்கு ஐந்து நிமிடம் இடம் ஒதுக்கி எல்லோரும் மௌனமாக இருந்தார்கள். அதன் பிறகு சமரசம் பிறந்தது. சமரசம் இல்லாமல் அந்த நாட்டில் மழைகூடப் பெய்யாது.

"உனக்காக ஒரு வாரம் தள்ளி வெக்கிறோம்," என்றார் ராய்னியர். "பன்னிரண்டாம் தேதி, பத்தரை மணிக்கு மேல. நானே என் கையால ஏத்துறேன்."

"அன்னைக்குத்தானே எனக்குச் சோதனை!"

"அதான்! மதிப்பீட்டுக் குழு இருப்பாங்க. நாம எல்லாரும் எப்படி ஒத்துமையா விட்டுக்குடுக்கிறோம்னு அவங்களும் பாக்கட்டும்."

கூட்டக் குறிப்பில் இப்படி ஏறியது: 'தடை: 1, நெல்லெக்கே. குறித்துக்கொள்ளப்பட்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.'

நெல்லெக்கே சும்மா இருக்கவில்லை. மறுநாளே விலக்குக் கேட்டு விண்ணப்பித்தாள். படிவத்தில் நான்கு காரணங்களுக்குத்தான் கட்டம் இருந்தது: மருந்து, கைக்குழந்தை, செல்லப்பிராணி, இதர உயிரினம். இதர உயிரினம் என்பதைத் தொட்டு, 'ட்ரூஸ்' என்று எழுதினாள். உயிரினத்தின் தடுப்பூசிச் சான்றைக் கேட்டு அன்று மாலையே பதில் வந்தது. கழகத்தில் வேலை ஒன்றும் தாமதமாக நடக்காது.

சனிக்கிழமை கால்வாயோரச் சந்தையில் யோப் அவளைப் பார்த்தான். அவன் ஒரு ஹெர்ரிங் மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, வெங்காயத்தோடு வாய்க்குள் இறக்கிக்கொண்டிருந்தான். அவள் எதுவும் சாப்பிடவில்லை.

"நாலு வருஷம், யோப். கூடத்துல மெத்தைத் திண்டு போட்டு உக்காந்து பேசப்போறாங்க."

யோப் மீனை முழுவதும் விழுங்கி முடித்தான். பிறகு எதிர்க்கடையைக் காட்டினான். படுக்கைக் கடை. வாசலில் பெரிய விலையைக் கோடிட்டு அடித்து, கீழே சின்ன விலையைச் சிவப்பில் எழுதியிருந்தார்கள். "மெத்தைன்னதும் ஞாபகம் வருது. அந்த மெத்தை போன வாரம் இந்தச் சின்ன விலைக்குத்தான் இருந்துச்சு. நேத்து ஏத்தினான். இன்னைக்குக் குறைச்சிட்டான். சனங்க வரிசையில நிக்குது, பாரு."

நெல்லெக்கே பலகையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள்.

"யோப்! தீர்மானத்துல என்ன இருக்கு? ரெண்டு டிகிரி ஏத்தணும்னுதானே?"

"ஆமா."

"எங்கேர்ந்து ஏத்தணும்னு இருக்கா?"

யோப் விரலை நக்குவதை நிறுத்தினான். "இல்ல."

"உன் பம்பால மைனஸ் இருநூத்தி எழுபத்தொன்னுக்கு இறக்க முடியுமா?"

"அஞ்சு நாள் ஆகும்."

"நம்மகிட்ட அஞ்சு நாள் இருக்கு!" என்று கத்தி, யோப்பின் இரண்டு காதையும் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அதற்கு அவள் மீன் பெட்டி ஒன்றின்மேல் ஏற வேண்டியிருந்தது.

அந்த ஐந்து நாளும் பம்புகள் ஹீலியத்தின் ஆவியை உறிஞ்சி உறிஞ்சி வெளியே தள்ளின. ட்ரூஸ் குளிர்ந்தது. இதற்குச் செலவான மின்சாரத்தில் கேன்டீன் பால்பெட்டியை ஒரு தலைமுறைக்கு ஓட்டியிருக்கலாம். சிக்கனத் திட்டம் வெற்றி பெற வேண்டுமென்றால் சில தியாகங்கள் தேவை. புதன்கிழமை சாயங்காலம் முள் மைனஸ் இருநூற்று எழுபத்தொன்றைத் தொட்டது.

வியாழக்கிழமை காலை மதிப்பீட்டுக் குழு வந்தது, மூன்று பேர். கூடத்தின் கூரையையொட்டி ஒரு பார்வை மாடம் இருக்கிறது. சுழல்படி ஏறிப் போக வேண்டும். அங்கே ராய்னியர் பூங்கொத்தோடும் மர்லூஸ் பட்டியலோடும் விருந்தினரை வரவேற்று நிறுத்தினார்கள். மாடத்தின் கைப்பிடியில், அன்றைய விழாவுக்காக, வெப்பநிலையை ஏற்றும் பொத்தான் ரிப்பன் கட்டிப் பொருத்தப்பட்டிருந்தது. ஓர் அமுக்குக்கு இரண்டு டிகிரி. கீழே தரையில், மின்னோட்டம் ஏற்றும் பெட்டிக்குப் பக்கத்தில், நெல்லெக்கேயும் யோப்பும்.

பத்து மணிக்கு ட்ரூஸ் முழுப் பலத்துக்கு வந்தது. சத்தமே இல்லை. யோப்பின் பையிலிருந்த சாவிக்கொத்து மட்டும் தானாக எழுந்து காந்தத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தது. பத்தரைக்கு ராய்னியர் ஒரு சிற்றுரை ஆற்றி, பொத்தானை அமுக்கினார்.

மைனஸ் இருநூற்று எழுபத்தொன்று. எழுபது. நெல்லெக்கே மூச்சை அடக்கிக்கொண்டாள். அறுபத்தொன்பது. முள் நின்றது.

ட்ரூஸ் நின்றது. ஒரு துளி தடை இல்லை.

"அத்தை அசையல," என்றான் யோப்.

மேலே கைதட்டினார்கள். குழுத் தலைவி குறிப்பேட்டில் ஏதோ எழுதிப் புன்னகைத்தாள். நெல்லெக்கே அந்தச் சிமென்ட் தரையில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள். இன்னும் இருபத்தைந்து நிமிடம். அவ்வளவுதான்.

"ஒரு நிமிஷம்," என்றது மாடத்திலிருந்து மர்லூஸின் குரல். "பட்டியல்ல மைனஸ் இருநூத்தி அறுபத்தேழுன்னு இருக்கு. முள்ளு அறுபத்தொம்பதுல நிக்குது."

"ரெண்டு டிகிரி ஏத்தியாச்சே!" என்று கீழிருந்து கத்தினாள் நெல்லெக்கே.

"எங்கேர்ந்து?"

"இருந்த இடத்துலேர்ந்து!"

"அப்ப பட்டியலை நான் எப்படி மூடுறது? ஒரு கட்டம் காலியா நிக்குமே!"

 ஒரு கட்டம் காலியாக நிற்பது என்பது அந்தக் கழகத்தின் சரித்திரத்தில் நடந்ததில்லை. ராய்னியர் கைப்பிடி வழியாகக் குனிந்தார். குனிய நேரம் பிடித்தது.

"நெல், நீ முன்கூட்டியே இறக்கி வெச்சியா?"

"ஆமா."

"கூட்டத்துல சொல்லாமலா?" அவர் குரலில் கோபம் இல்லை, துக்கம் மட்டுமே. "எல்லாரும் நேர்மையா ரெண்டு குடுத்தாங்க. பால் போய் முன்னாடியே ரெண்டு இறங்கி நின்னுச்சா? சரி, பரவால்ல. இப்ப சேந்து ஒரு முடிவெடுப்போம். இன்னும் ரெண்டு ஏத்தறதுல யாருக்காவது தடை இருக்கா?"

"எனக்கு இருக்கு! ஏத்தாதே! ட்ரூஸ் இப்ப முழுப் பலத்துல நிக்குது!"

"உன்னோடது போன வாரமே குறிச்சாச்சு," என்றார் ராய்னியர் பரிவோடு. "வேற யாருக்காவது?"

வேறு யாருக்கும் இல்லை.

மின்னோட்டத்தை ஆபத்தில்லாமல் இறக்க இருபது நிமிடம் வேண்டும். ராய்னியரின் விரலுக்கு அரை வினாடி போதும். நெல்லெக்கே பெட்டியின் பக்கம் பாய்ந்தாள், விரல் பொத்தானின் பக்கம் போனது. சமத்துவம் மிக்க அந்த நாட்டிலும் தூரங்கள் சமமாக இல்லை.

மைனஸ் இருநூற்று அறுபத்தெட்டரை. அறுபத்தெட்டு. எங்கோ ஒரு சுற்றில், ஊசிமுனையளவு இடத்தில், ஒரு ஜோடி கையை விட்டது.

கூடம் ஒருமுறை செருமியது. அப்புறம், பெரிய மனிதர் ஒருவர் வாழ்நாள் முழுவதும் அடக்கி வைத்திருந்த தும்மலைப் போல, ட்ரூஸ் முறிந்தது. உள்ளே இருந்த திரவ ஹீலியம் முழுவதும் ஒரே கொதியில் ஆவியாகிக் கிளம்பியது. இதற்கென்றே கூரைக்கு ஒரு போக்குக்குழாய் உண்டு. அதன் வழியாகக் குளிர்காற்று உள்ளே வருகிறது என்று போன மாதம்தான் மர்லூஸ் அதற்கு ஒரு கெட்டியான மூடி போட்டிருந்தாள். எனவே ஹீலியம் பக்கவாட்டு வால்வைத் திறந்துகொண்டு வெள்ளைப் புகையாகச் சீறி, கூடத்துக்குள்ளேயே புகுந்தது. ஹீலியம் காற்றைவிட லேசானது, சுவாசித்தவர் குரலைக் கீச்சாக்குவது. எழும்பி எழும்பிக் கூரையடியில் போய்த் தங்கியது. அங்கேதான் மாடம் இருந்தது. மாடத்திலும் உயரமான இடத்தில் ராய்னியரின் தலை இருந்தது.

ராய்னியர் நெருக்கடியில் நிதானம் தவறாதவர். இரு கைகளையும் விரித்து, விருந்தினரை நோக்கி, அப்போதுதான் முட்டையிலிருந்து வந்த கோழிக்குஞ்சின் குரலில் அறிவித்தார்:

"பயப்பட ஒன்னும் இல்ல. நிலைமை முழுக்க நம்ம கட்டுப்பாட்டுல இருக்கு."

குழுத் தலைவி ஏதோ கேட்க வாய் திறந்தாள். அவள் ஐந்தடி பத்தங்குலம். புகை அப்போதுதான் அவள் மூக்குவரை இறங்கியிருந்ததால், கேள்வி கனத்த குரலில் தொடங்கிக் கீச்சென்று முடிந்தது: "இது திட்டமிட்டு நடந்ததா?"

"ஒருமனதா!" என்று கீச்சிட்டார் ராய்னியர்.

ஆக்சிஜன் எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. நெல்லெக்கே கீழே சுத்தமான காற்றில் நின்று, தன் சொந்தக் குரலில் கத்தினாள்: "இறங்குங்க! எல்லாரும் கீழ இறங்குங்க! மூச்சு முட்டும்!"

சுழல்படியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இறங்க முடியும். ஆகவே யார் முதலில் இறங்குவது என்ற கேள்வி எழுந்தது. விருந்தினர் முதலில் என்றார் ராய்னியர். வயதில் மூத்தவர் முதலில் என்றார் குழுவின் இரண்டாவது ஆள். அப்படி வயதைக் காட்டிப் பிரிப்பது பாகுபாடு என்றாள் மர்லூஸ். ஒவ்வொருவரும் தத்தம் கருத்தை, ஒருவரை ஒருவர் இடைமறிக்காமல், வாத்துக்குஞ்சுக் குரலில், மிகுந்த மரியாதையோடு எடுத்து வைத்தார்கள். புகை இறங்கிக்கொண்டிருந்தது.

"செத்துத் தொலையப் போறாங்க, யோப்!"

"தீர்மானம் போட்டுட்டுச் சாவாங்க," என்றான் யோப்.

நெல்லெக்கே கண்ணை மூடி ஒரு வினாடி யோசித்தாள். பிறகு வாயருகே கையைக் குவித்து, அந்த நாட்டில் எவராலும் தட்ட முடியாத ஒரே ஆணையைக் கொடுத்தாள்:

"காப்பி ரெடி!"

ஐந்து பேரும் பதினொரு வினாடியில் தரையில் நின்றார்கள். சேதம் ஒன்றுமில்லை. நிலைப்படியில் ராய்னியரின் நெற்றி இடித்தது, அவ்வளவுதான். அது தினமும் இடிப்பதுதான். காப்பி இல்லை என்று தெரிந்தபோது மதிப்பீட்டுக் குழு அடைந்த ஏமாற்றத்தைக் குழுத் தலைவி தன் குறிப்பேட்டில் பதிவு செய்துகொண்டாள். நெல்லெக்கே ட்ரூஸின் உறையில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். உறை முழுவதும் வியர்த்திருந்தது.

"பதினஞ்சாவது," என்றான் யோப் மெதுவாக. "அடுத்த தடவை இன்னும் நல்லா நிக்கும்."

"அடுத்த தடவை குடுத்தாத்தானே," என்றாள் அவள்.

கொடுத்திருக்கலாம். அதை முடிவு செய்யத்தான் கழகம் உடனடியாக ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. விசாரணை பாரபட்சமில்லாமல் நடக்க வேண்டுமென்றால், நடந்ததை நேரில் பார்த்தவர்கள்தானே குழுவில் இருக்க வேண்டும்? ஆகவே ராய்னியரும் மர்லூஸும் அந்தப் பாரத்தை ஏற்றுக்கொண்டார்கள். பத்தொன்பதாம் தேதி ராய்னியர் நெல்லெக்கேயைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். காப்பி கொடுத்தார். பிஸ்கட் டப்பாவை நீட்டினார். அவள் ஒன்றை எடுத்த பிறகும் டப்பாவை மூடாமல் வைத்திருந்தார். அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னொன்னு எடுத்துக்கோ, நெல்."

"வேணாம். என்ன எழுதியிருக்கீங்க?"

"படிச்சுப் பாரு. ரொம்ப நியாயமா வந்திருக்கு. உன்மேல யாருக்கும் கோபம் இல்ல."

அறிக்கை இருபத்திரண்டு பக்கம், சுத்தமான அச்சு. இயற்பியல்படி அதில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. காந்தம் மீக்கடத்தும் தன்மையை ஏன் இழந்தது? உள்ளே தடை தோன்றியதால். தடை இல்லாதவரை எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததா? ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் தடை எங்கிருந்து வந்தது? கழகத்தின் அதிகாரப்பூர்வமான ஆவணங்கள் அனைத்தையும் அலசியதில், பதிவாகியிருக்கும் தடை ஒன்றே ஒன்றுதான்: மார்ச் ஐந்தாம் தேதிக் கூட்டக் குறிப்பு, நெல்லெக்கே. ஓரிடத்தில் தோன்றும் தடை எவ்வளவு சிறியதானாலும் சுற்றியுள்ளவற்றைச் சூடாக்கி முழு அமைப்பையும் வீழ்த்திவிடும் என்பது அறிவியல் உண்மை. இதற்கு அடிக்குறிப்பாக, நெல்லெக்கே தானே எழுதிய பாதுகாப்புக் கையேட்டையே மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

கூடத்தைக் காலி செய்வது பற்றிப் பதினெட்டாம் பக்கம். உரையாடல் அரங்கின் வரைபடம் பத்தொன்பதில். திண்டுகளின் நிறம் இருபதில். ட்ரூஸை வெட்டித் தனித்தனித் துண்டுகளாக வெளியே எடுக்கும் விதம், நிலைப்படி இடிக்காமல் இருக்க, இருபத்தொன்றில்.

"நாலு வருஷம், ராய்னியர்," என்றாள் நெல்லெக்கே.

"புரியுது. அந்த உணர்வுக்கு நாங்க இடம் குடுப்போம். அரங்கைத் திறக்கும்போது முதல் அஞ்சு நிமிஷம் உன்னோடது."

அவள் பக்கங்களைத் திருப்பினாள். நான்காம் பக்கத்தில் கை நின்றது. 'காந்தம் மார்ச் பன்னிரண்டாம் தேதி காலை ... மணிக்கு முறிந்தது' என்று அச்சில் ஓர் இடம் புள்ளி வைத்து விடப்பட்டிருந்தது. அந்த இடத்தில் மட்டும் நீலப் பேனாவால் 10.42 என்று எழுதி நிரப்பியிருந்தார்கள். கழகத்தில் எந்தக் கட்டமும் காலியாக நிற்பதில்லை.

நெல்லெக்கே கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அறிக்கையில் அச்சாகியிருந்த தேதி மார்ச் ஒன்பது, திங்கட்கிழமை.